இறுகிப்போன வால்வு



1902இல் தொடங்கி 1920இல் கட்டிமுடித்த இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறுதான் நீர் தருகிறது. 2018 டிசம்பரில் பெருமழை கொட்டி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியில் எத்தனை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது என்பதை நாம் மறக்கவில்லை. கதவு எப்போது திறக்க வேண்டும் என்று அன்று ஊரே பேசிற்று. ஆனால் நம் வீட்டு டாங்கியின் கீழுள்ள சின்னஞ்சிறு வால்வைக் கடைசியாகத் திருகிப் பார்த்தது எப்போது?

ஆண்கள் கடல் கடந்து உழைக்க, பெண்களும் பிள்ளைகளும் தனித்திருக்கும் வீடுகள் பல. நடுநிசியில் குழாய் வெடித்தால் அவர்களுக்கு இருக்கும் ஒரே துணை அந்த வால்வுதான். அதுவோ பழைய பித்தளை கேட் வால்வு. உள்ளே ஆப்புப் போன்ற தகடு திருகில் இறங்கி நீரை மறிக்கும். நம் பக்கத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். வருடக்கணக்கில் அசைக்காவிட்டால் படிவு அதன் இருக்கையை அடைத்துவிடும். பலவந்தமாகத் திருகினால் தண்டு முறிந்து, கைப்பிடி மட்டும் கையோடு வரும்! தண்டோரம் கசிந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. கைப்பிடிக்குக் கீழுள்ள நட்டைச் சற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் போல் வால்வு போடுங்கள். கால் சுற்றில் மூடும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வேலைக்கு முன் மோட்டரை நிறுத்தி, டாங்கியை வடித்து, மிகத் தாழ்ந்த குழாயைத் திறந்துவையுங்கள்.

வன்னி வீடுகளில் பீவீசீ குழாயே அதிகம். அதை வெட்டி ஒட்டும்போது இரு பக்கமும் யூனியன் வைத்தால் அடுத்த முறை வெட்டாமல் கழற்றலாம். சுடுநீருக்குச் செப்புக் குழாய் இட்டவர்கள் கூடுதல் நிதானமாயிருக்க வேண்டும். செம்பு மெல்லியது, ஒரு ஸ்பனரால் வால்வைப் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்பாவிட்டால் குழாயே முறுகிவிடும். ஈயப்பற்று வைப்பதாயின் குழாயில் ஒரு துளி நீரும் நிற்கக் கூடாது. நின்றால் பற்று உருகாது. வெப்பம் வால்வின் உள் வளையத்தையும் கெடுக்கும். அனுபவமில்லாதவருக்கு வளையமும் நட்டும் கொண்ட இணைப்பே மேல். அதன் வளையத்தில் தெப்லோன் நாடா சுற்றுவது நம்மவர் பழக்கம், தேவையே இல்லை.

ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது ஒரு லீட்டருக்கும் குறைவான நீரில் வுழூச் செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்குச் சொட்டும் குழாயைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

புதிய வால்வை ஆறு மாதத்துக்கொரு முறை மூடித் திறவுங்கள். கேட் வால்வாயின் முழுதும் திறந்தபின் கால் சுற்றுப் பின்வாங்கி விடுங்கள்; இறுகாது. வீட்டிலுள்ள அனைவருக்கும் அது இருக்குமிடத்தைக் காட்டிவையுங்கள். கழற்றிய பழையதை எறிய வேண்டாம். பித்தளை, நிறைக்கு விலை போகும்.