பனியில் பதிந்த தடங்கள்

சிம்லாவில் பனி பெய்து ஓய்ந்த காலையில், நம்மவர் வீட்டுத் தோட்டங்களில் விதவிதமான காலடித் தடங்கள் காணப்படும். 2021-இல் இந்நகரில் சிறுத்தை குழந்தைகளைக் கவர்ந்து சென்ற துயரத்தை நாம் மறப்பதற்கில்லை. ஆதலின், தடம் அறிதல் இங்கு வெறும் பொழுதுபோக்கன்று.

நாயின் தடத்தில் விரல்களுக்கு முன்னே நகக்குறிகள் தெரியும். பூனையினம் நகங்களை உள்ளிழுத்தே நடப்பதால், அதன் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இராது. வீட்டுப் பூனையின் தடம் ஏறக்குறைய 3 செ.மீ. அகலம், வளர்ந்த சிறுத்தையின் தடமோ 7 செ.மீ. அளவுக்கு வரும். குரங்கின் தடம் குழந்தையின் கை பதிந்தாற்போல் நீண்ட விரல்களுடன் இருக்கும்.

ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தடம் அகலும், நகக்குறியும் அழியும். நண்பகலில் பூனையின் அடியும் சிறுத்தையின் அடியாய்த் தோன்றும். எனவே விடியற்காலையிலேயே, தடத்தினருகே ஒரு தீப்பெட்டியை வைத்து அளவு காண்க. தீப்பெட்டியின் நீளத்தினும் அகன்ற, நகக்குறியற்ற தடமாயின், அதனைக் கலைக்காது வனத்துறையினருக்கு அறிவித்தல் நன்று. அந்தி சாய்ந்தபின் குழந்தைகளைத் தனியே வெளியில் விடலாகாது. வளர்ப்பு நாயையும் வீட்டினுள்ளேயே கட்டுக.

அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா.