முற்றத்து ஏரியல்

வானலையிற் பேசப் பழக விரும்பும் மாணவர் பலர், ஏரியல் என்றதும் வானளாவிய கோபுரத்தையே எண்ணுகின்றனர். செலவுக்கு அஞ்சி ஆசையைக் கைவிடுவோரும் உளர். முற்றத்தில் இரண்டு தென்னைகள் நிற்கக் கோபுரம் எதற்கு என்று கேட்கிறோம். ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதுவரை கேட்டுப் பழகலாம்.

143ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் செப்புக் கம்பியின் மொத்த நீளம் மீற்றரிற் கிடைக்கும். 7.1 மெகாஹேர்ட்சுக்கு ஏறக்குறைய 20 மீற்றர். சற்று நீட்டியே வெட்டுக. குறைப்பது எளிது, ஒட்டுவது தொல்லை. கம்பியை நடுவில் இரண்டாக்கி, இடையிலும் நுனிகளிலும் பீங்கான் காவலி வைத்து, நடுவிலிருந்து வடத்தைக் கருவிக்கு இறக்குக.

தென்னை ஆடும் மரம். இரு முனைகளையும் இறுகக் கட்டினால் முதற் சோளகத்திலேயே கம்பி அறும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பியின் மேலாக விட்டு, அதில் ஒரு கல்லைத் தொங்கவிடுக. மரம் விலகும்போது கல் மேலேறும், நெருங்கும்போது கீழிறங்கும். அக்கல்லின் கீழே பிள்ளைகளை விளையாட விடலாகாது.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று செப்பை அரிக்கும். ஆண்டுக்கொருமுறை இறக்கி, மூட்டுகளைச் சுரண்டிப் பற்றாசு வைக்க வேண்டும்.

மின்சாரக் கம்பியின் மேலாகவோ கீழாகவோ ஏரியலைக் கொண்டுசெல்லவே கூடாது. அறுந்து எப்பக்கம் வீழ்ந்தாலும் அதனைத் தொடாத தூரம் இருத்தல் வேண்டும். அவ்விடமில்லாத வளவில் ஏரியலே வேண்டாம் என்போம். பெற்றோர் இதில் இரங்குதல் தகாது. மழை இருட்டுமுன்பே வடத்தைக் கருவியினின்று கழற்றி வெளியே விடுக. முழக்கம் கேட்ட பின் அதனருகே எவரும் போகலாகாது.