போகிற மாடலை வாங்கலாமா?

“புது மாடல் வரப்போகிறதாமே சார், இப்போது போய்ப் பழசை வாங்குகிறீர்களே?” எலெக்ட்ரிக் கார் வாங்கப்போகிறேன் என்று வெளியில் சொல்லிவிட்ட எந்த சீனியர் சிட்டிசனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடையின்போது கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் சாதத்துக்கு நடுவில் கேட்பார்கள், பெங்களூரிலிருந்து பெண் போனில் கேட்பாள். கேட்கிறவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். போகிற மாடலை வாங்கலாம் என்பது என் கட்சி. ஆனால் போகிற மாடலிலும் இரண்டு ஜாதி உண்டு. அதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நம் தலைமுறைக்கு இந்தக் குழப்பம் புதிது. நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று மூன்றே பெயர்தான். மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர் என்று அம்பாசடருக்குப் பெயர் மாறும், முன்பக்கம் கிரில் மாறும், உள்ளே அதே அம்பாசடர் உட்கார்ந்திருக்கும். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். கைக்கு வந்த வண்டியைக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டோம். புது மாடல் வருகிறதென்று யாரும் வாங்குவதைத் தள்ளிப்போடவில்லை, தள்ளிப்போட்டது கம்பெனிதான். இன்றைக்கு நிலைமை தலைகீழ். செல்போன் மாதிரி கார் மாறுகிறது, எலெக்ட்ரிக் கார் இன்னும் வேகமாக மாறுகிறது.

முதல் ஜாதி, மாற்றப்படும் மாடல். அதே பெயர், அதே கம்பெனி, அதே அடிப்படை, முகத்தை மட்டும் திருத்தி விடுவார்கள். இரண்டாவது ஜாதி, கைவிடப்படும் மாடல். வாரிசு கிடையாது, அல்லது வேறு பெயரில் வேறு வண்டி வரும். முதலாவதில் உங்களுக்கு நஷ்டம் கௌரவத்தில் மட்டும். இரண்டாவதில் கராஜில் அனாதைக் குழந்தை.

கைவிடப்படும் மாடல் என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஸ்டாண்டர்ட் 2000 ஞாபகம் இருக்கிறதா? 1985இல் நம் ஊர் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி பெரிய ஆரவாரத்தோடு கொண்டுவந்த கார். இங்கிலாந்தில் 1976 முதல் ஓடிக்கொண்டிருந்த ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு, அதற்குள் பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு வழி வந்த 2 லிட்டர் எஞ்சின். அந்த ரோவரை அங்கே 1986இல் நிறுத்தி வேறு மாடலுக்குப் போய்விட்டார்கள். இங்கே மூன்று வருஷம்கூட நிற்கவில்லை, 1988வாக்கில் தயாரிப்பு முடிந்தது. வாங்கினவர்கள் கம்பீரமாக ஓட்டினார்கள், பிறகு கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் அலைந்தார்கள். இருந்தாலும் பெட்ரோல் கார், எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருந்தார், புதுப்பேட்டை இருந்தது. புதுப்பேட்டையில் கிடைக்காத பொருளை வேறு எதிலிருந்தாவது கடைந்து பொருத்திவிடுவார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதும், மறைமலைநகரில் செய்த ஃபோர்டுகளை வைத்திருந்தவர்கள் அதே தைரியத்தில்தான் இருந்தார்கள்.

எலெக்ட்ரிக் காரில் அந்தத் தைரியம் செல்லாது. பாட்டரியும் அதைக் கட்டியாளும் சாஃப்ட்வேரும் கம்பெனியின் கையில். புதுப்பேட்டையில் டயர் கிடைக்கும், பிரேக் கிடைக்கும், பம்பர் கிடைக்கும். பாட்டரிக்குள் ஒரு மாட்யூல் போனால் கம்பெனி வாசலில்தான் நிற்கவேண்டும். அதனால்தான் மாற்றமா, கைவிடலா என்ற கேள்வி பெட்ரோல் காரைவிட இதில் பத்து மடங்கு முக்கியம்.

நம் வாசலிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக். 2019 ஜூலையில் வந்தது, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில் பூட்டப்பட்ட வண்டி. விலை 25 லட்சத்துக்கு மேல். அடுத்த மாதமே ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததால் ஒன்றரை லட்சம் இறங்கியது. பாட்டரி 39.2 கிலோவாட் ஹவர். ஈபி பில் பாஷையில் சொன்னால் கிட்டத்தட்ட 39 யூனிட். ஒருமுறை நிரப்பினால் 452 கிலோமீட்டர் என்று சோதனைச் சான்றிதழ். 2020 கடைசியில் பாட்டரி சோதனைக்காக 456 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். எவ்வளவு குறைவாக விற்றிருக்கும் என்று அந்த எண்ணே கோடி காட்டுகிறது. வெளிநாட்டில் 2023இல் புதுக் கோனா வந்தது, நம் ஊருக்கு வரவில்லை. 2024இல் பழையதையும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, 2025 ஜனவரியில் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. ஆரம்ப விலை 17.99 லட்சம். பெரிய பாட்டரி 51.4, சான்றிதழ்படி 473 கிலோமீட்டர். கோனாவின் கடைசி வண்டிகளை வாங்கியவர்களைக் கேலி செய்ய மாட்டேன். ஹூண்டாய் ஊரைவிட்டுப் போகவில்லை, பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டியும் இருந்தது. ஆனால் ஒன்பதாவது வருஷத்தில் அந்தப் பாட்டரிக்கு ஜோடி தேடும்போது ஊரில் எத்தனை கோனா இருக்கும் என்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

மறுபக்கம் டாடா நெக்ஸான். 2020 ஜனவரியில் வந்த எலெக்ட்ரிக் நெக்ஸானில் 30.2 யூனிட் பாட்டரி, சான்றிதழ் 312 கிலோமீட்டர். நம் ஊர் வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் 200 சுற்று வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் ‘மேக்ஸ்’ என்று 40.5 பாட்டரி. 2023 செப்டம்பர் 14ஆம் தேதி முகம் மாறிய புது நெக்ஸான். பாட்டரியைப் பாருங்கள்: சின்னதில் 30, பெரியதில் அதே 40.5. சான்றிதழில் 312 என்பது 325 ஆயிற்று, அவ்வளவுதான். பெரிய திரை வந்தது, முன்பக்கம் நீளமாக ஒரு விளக்குக் கோடு வந்தது. ஆகஸ்டில் பழசை வாங்கினவர் பாட்டரி விஷயத்தில் எதையும் இழக்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் புதுசு உண்மையாகவே மேல். புது நெக்ஸானில் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக். பழசில் இரண்டு. ஈசிஆரில் பேரக் குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து அடிக்கடி ஓட்டுகிறவராக இருந்தால், என் கட்சியை விட்டுவிட்டுப் புதுசையே வாங்குங்கள். திரைக்காகக் காத்திருப்பது வீண், ஏர்பேக்குக்காகக் காத்திருப்பது வீண் இல்லை. புது மாடலின் விளம்பரத்தில் எட்டாவது பத்தியில் ஒளிந்திருக்கும் இந்த மாதிரி வரியைத்தான் முதலில் தேடவேண்டும்.

காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2023 செப்டம்பரில் முண்டியடித்துப் புது நெக்ஸான் வாங்கியவர்கள், 2024 பிப்ரவரியில் விலை 1.2 லட்சம் வரை குறைக்கப்பட்டதைப் பார்த்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பண்டிகைக் காலத்துக்காக 3 லட்சம் வரை குறைப்பு. அதே மாதம் 45 யூனிட் பாட்டரியும் வந்தது. பாட்டரி விலை உலகம் முழுவதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் நல்ல முகூர்த்தம் என்று ஒன்று இதில் கிடையாது. இன்று வாங்குகிறவர் எல்லோரும் ஏதோ ஒரு புது மாடலுக்கு முந்தின நாள்தான் வாங்குகிறார்கள்.

32 வயதுக்காரர் ஆறு மாதம் பொறுத்தால் ஆறு மாதம். 72 வயதில் அந்தக் கணக்கே வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆயிற்று. மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற முடியாது, காலை மடக்கி டாக்ஸியில் உட்கார முடியாது, சொன்ன நேரத்துக்கு வண்டியும் வராது. எங்களுடைய 14 வயது பெட்ரோல் கார் திரு.வி.க. பாலத்து ஏற்றத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. “அப்பா, தீபாவளிக்குப் புது மாடல் வந்துடும், அதுவரைக்கும் பொறுங்க” என்றாள் பெண். தீபாவளிக்குள் அவள் அம்மா நடக்க ஆரம்பித்திருக்கவேண்டும் என்பதுதான் என் கவலை. டிரைவிங் லைசென்ஸும் நம் வயதில் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான், அதுவும் டாக்டர் சர்டிபிகேட்டோடு. இது என் கடைசிக் கார். அதிலிருந்து ஆறு மாதத்தைத் திரைக்குத் தானம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. போகிற மாடலையே எடுத்தேன். பெயர் வேண்டாம், விளம்பரம் என்பீர்கள்.

தினம் 25 கிலோமீட்டர் போனால் அதிகம். லஸ், பனகல் பார்க், அடையாறு, எப்போதாவது பெசன்ட் நகர். மெட்ரோ வேலைக்காகத் தெருக்களை எல்லாம் வளைத்து விட்டிருப்பதால் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். நிற்கும்போது எஞ்சின் பெட்ரோலைக் குடிப்பதில்லை என்பதே பெரிய நிம்மதி. நாலு யூனிட்டில் ஒரு நாள் ஓடிவிடுகிறது. இரண்டு மாத ஈபி கணக்கில் சுமார் 240 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசியால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடுகள் ஜாக்கிரதை, அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும். இந்த ஓட்டத்துக்கு 312ஆ 325ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அபத்தம்.

தள்ளுபடியைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நான் போன ஒரு ஷோரூமில் “இரண்டரை லட்சம் டிஸ்கவுண்ட் சார்” என்றான் பையன். காகிதத்தில் பிரித்து எழுது என்றேன். அதில் பழைய காரைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ், கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கான கார்ப்பரேட் போனஸ், அவர்களிடமே இன்ஷூரன்ஸ் எடுத்தால் ஒரு தொகை. ஓய்வு பெற்று 12 வருஷமான எனக்கு எந்த கார்ப்பரேட்? கழித்துப் பார்த்ததில் சுத்தமான தள்ளுபடி ஒரு லட்சத்துச் சொச்சம். அடுத்த மாடல் எப்போது என்று கேட்டதற்கு “அப்படி எதுவும் இல்லை சார்” என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, மேலே சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். வேறு ஷோரூமில் உண்மையைச் சொன்னார்கள், அங்கேயே வாங்கினேன். புது மாடலின் தேதி தெரிந்தும் மறைத்து, பென்ஷன்காரர்களிடம் பழைய சரக்கைத் தள்ளுவது வியாபாரத் தந்திரம் என்று பேசுகிறார்கள். எனக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் படுகிறது. தெரிந்து வாங்குகிறவனுக்குத் தள்ளுபடி கொடுத்தால் அவன் சந்தோஷமாகவே பழசை வாங்குவான்.

தயாரித்த மாதத்தை வண்டியிலேயே பாருங்கள், பில்லில் இருக்கும் தேதியை நம்பாதீர்கள். வெட்டவெளி யார்டில் எட்டு மாதம் வெயில் காய்ந்த பாட்டரிக்கும் இரண்டு மாதம் நின்றதற்கும் வித்தியாசம் உண்டு. லித்தியம் பாட்டரி ஓடாமல் நின்றாலும், உஷ்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எட்டு வருஷ வாரண்டி வாங்கின தேதியிலிருந்துதான் ஆரம்பம் என்று எழுத்தில் வாங்குங்கள். பொதுவாக அப்படித்தான், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். சார்ஜ் செய்யும் வாயைப் பாருங்கள். ஆரம்பத்தில் வந்த சில மின்சாரக் கார்களுக்கு பாரத் டிசி 001 என்ற வேறு வகை ஃபாஸ்ட் சார்ஜர். இன்று எல்லோரும் சிசிஎஸ் 2க்கு வந்துவிட்டார்கள். செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கினால் வெளியூரில் தவிப்பார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கார் இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பை அந்த மாடலின் இன்றைய விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுகிறார்கள். விலைக் குறைப்பு வந்தால் உங்கள் மதிப்பும் இறங்கும். தயாரிப்பே நின்றுபோன மாடலுக்கு இன்றைய விலை என்று ஒன்று இல்லாததால், கம்பெனியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்வதுதான் மதிப்பு. ஆகவே ரின்யூவலின்போது ஆன்லைனில் அவர்கள் காட்டுகிற எண்ணை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள், போன் செய்து பேசுங்கள்.

“விற்கும்போது விலை போகாதே?” என்றும் கேட்பார்கள். போகாதுதான். கோனா மாதிரி அனாதை மாடல் என்றால் இன்னும் மோசம். ஆனால் கடைசிக் காரை யார் விற்கப்போகிறார்கள்? எங்கள் வீட்டில் அந்தத் தலைவலி மாப்பிள்ளைக்கு.

இத்தனைக்கும் முன்னால் பார்க்கவேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். பழைய அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் அசோசியேஷன் செக்ரட்டரியைப் பாருங்கள். உங்கள் மீட்டரிலிருந்து கார் நிற்கிற இடத்துக்குத் தனி வயர், நல்ல எர்த்திங், 15 ஆம்பியர் பிளக். எங்கள் கட்டடத்தில் இதற்கு நாலு மீட்டிங், மூன்று மாதம் ஆயிற்று. எதிர்த்தவர் மூன்றாவது மாடிக்காரர். இப்போது அவரும் ஒரு எலெக்ட்ரிக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறார். புது மாடல் வரட்டும் என்று காத்திருக்கிறாராம்.