திறக்க முடியாத மடிக்கணினி வேண்டாம்

2021-ஆம் ஆண்டின் தொடக்கம். பள்ளிகள் மூடியிருந்த காலம். கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கைப்பேசிதான் இருந்தது. மூத்தவளுக்கு வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் இளையவனுக்கும் வகுப்பு. யாராவது ஒருவர் வகுப்பைத் தவறவிட வேண்டிய நிலை. அக்கா, சீட்டுப் பணத்திலிருந்து 1,099 வெள்ளி எடுத்து ஒரு புதிய மடிக்கணினி வாங்கினார். மெலிதாக, பளபளப்பாக இருந்தது. கூடவே ஒரு பையும் ஒரு மவுசும் இலவசம்.

பதினான்கு மாதம் கழித்து ஓர் இரவு ஒன்பது மணிக்கு மருமகள் எனக்கு அழைத்தாள். "மாமா, நாளைக்கு அறிவியல் இடுபணி அனுப்பணும். லேப்டாப் திறக்கவே மாட்டேங்குது!"

நேரில் போய்ப் பார்த்தேன். மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் நின்றிருந்தது. திரையில் 'இடம் போதாது' என்ற செய்தி. தேவையில்லாத கோப்புகளை அழித்துப் பார்த்தோம்; பயனில்லை. அன்று இரவு அவள் அம்மாவின் கைப்பேசியில் ஒரு மணிவரை தட்டச்சு செய்து இடுபணியை முடித்தாள். மறுநாள் கடைக்குப் போனால், "உத்தரவாதம் பன்னிரண்டு மாசம்தான், அக்கா. ராமும் மாத்த முடியாது, டிஸ்க்கும் மாத்த முடியாது. புதுசா ஒன்னு எடுத்துக்குங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அடிப்பாகத்தைத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் சொன்னது உண்மைதான். ராம், சேமிப்பகம் இரண்டுமே பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. கழற்றுவதற்கு எதுவுமே இல்லை.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: ஒரு குடும்பத்துக்கு மடிக்கணினி வாங்கும்போது வேகம், மெலிவு, நிறம் எல்லாம் பிறகு. இதைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்தக் கணினிக்கு உண்மையில் என்ன நடந்தது?

அதன் சேமிப்பகம் 64 ஜிகாபைட் என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஆனால், கணினி காட்டியதோ 59 சொச்சம். இது ஏமாற்று வேலை அன்று. தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்று பத்தின் அடுக்கில் கணக்கிடுகிறார். விண்டோஸ் 2-இன் அடுக்கில், அதாவது 107 கோடியே 37 லட்சம் பைட் என்று கணக்கிடுகிறது. 6,400 கோடியை அதனால் வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். அந்த இடத்தில் பெரும்பகுதியை விண்டோசும் அதனுடன் வரும் கோப்புகளும் எடுத்துக்கொள்கின்றன. பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தால், பழையதை வைத்துக்கொண்டே புதியதை இறக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாமல்தான் கணினி திணறியது.

அடுத்தது, அந்தச் சேமிப்பகத்தின் வகை. விலை மலிவான கணினிகளில் 'இஎம்எம்சி' என்ற வகையைப் பொருத்துகிறார்கள். இது ஒற்றையடிப் பாதை போன்றது. ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் முடியாது. நான்கு ஜிகாபைட் ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத் தரவுகளைச் சேமிப்பகத்தில் கொண்டுபோய் வைக்கும், பிறகு எடுத்து வரும். ஒற்றையடிப் பாதையில் இந்தப் போக்குவரத்தும் சேர்ந்துகொண்டால் நெரிசல்தான். இணைய வகுப்பு ஒரு பக்கம், கூகல் டாக்ஸ் ஒரு பக்கம் என்று திறந்தாலே சுட்டி நகராமல் நின்றது இதனால்தான்.

அந்தக் கணினியில் ராமையாவது எட்டாகக் கூட்ட முடிந்திருந்தால், 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்றை மாட்ட முடிந்திருந்தால், அது இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். பலகையில் பற்றவைத்துவிட்டதால் ஒரு சிறு குறை முழுக் கணினியையும் கொன்றுவிட்டது.

கடைக்குப் போகும் முன் ஐந்து கேள்விகள்

பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி, திறன்பேசி போன்ற பொருள்களில் 'பழுதுபார்ப்புக் குறியீடு' ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. எளிதில் கழற்ற முடியுமா, உதிரி பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதையெல்லாம் பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். நம் நாட்டில் குளிர்பதனப் பெட்டியில் மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். மடிக்கணினிக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் ஒட்டும் வழக்கம் இங்கு இல்லை. ஆகவே, அந்தத் தேர்வை நாமே வைக்க வேண்டியதுதான்.

ஒன்று: ராம் எவ்வளவு, கூட்ட முடியுமா? இன்றைய பள்ளி வேலைக்கு எட்டு ஜிகாபைட்டுக்குக் குறையாமல் பாருங்கள். கூடுதலாக மாட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றவைத்த ராம் என்றால், தொடக்கத்திலேயே பதினாறு இருப்பது நல்லது.

இரண்டு: சேமிப்பகம் எந்த வகை? கழற்றி மாட்டும் எஸ்எஸ்டியாக, குறைந்தது 256 ஜிகாபைட்டாக இருக்கட்டும். சுழலும் வன்தட்டு வேண்டாம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுக்கும். தேவையான தரவு முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதில் ஒரு மில்லிவினாடியின் சிறு பகுதியிலேயே தரவு கிடைத்துவிடும்.

மூன்று: பிராசசர் எந்தத் தலைமுறை? 'ஐ5' என்று ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. 'ஐ5-7200யு' என்பதில் கோட்டுக்குப் பிறகு வரும் 7, ஏழாம் தலைமுறையைக் குறிக்கிறது. 'ஐ5-8350யு' எட்டாம் தலைமுறை. 'ஐ5-1135ஜி7' என்றால் 11. இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான இலவசப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ தேவை. 'ஐ7, மிக மலிவு' என்று யாராவது கூவி விற்றால், முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

நான்கு: பேட்டரியை மாற்ற முடியுமா? லித்தியம்-அயன் பேட்டரி தேய்ந்தே தீரும். சில நூறு முறை முழுமையாக மின்னேற்றி இறக்கிய பிறகு அதன் கொள்ளளவு குறைவது இயல்பு. வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். நம் ஊர் வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம். எனவே, பேட்டரி தேயுமா என்று கேட்பதில் பொருளில்லை. தேய்ந்தால் திருகாணிகளைக் கழற்றிப் புதியதை மாட்ட முடியுமா, அல்லது பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஐந்து: உடம்பு உறுதியா? மூடியை இருபது முறை திறந்து மூடுங்கள். கீல் தளர்ந்திருக்கிறதா? விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் அமுங்குகிறதா? இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியில் பிராசசரைவிடக் கீல்தான் முதலில் உடையும்.

பழையது வாங்கலாமா?

என் அக்கா இரண்டாவது முறை புதியது வாங்கவில்லை. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கொடுக்கும் மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றை 950 வெள்ளிக்கு வாங்கினோம். எட்டாம் தலைமுறை பிராசசர், எட்டு ஜிகாபைட் ராம், 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி. பார்க்கக் கறுப்பாக, கனமாக இருந்தது. "தாத்தா காலத்து லேப்டாப் மாதிரி இருக்கு" என்று இளையவன் முகத்தைச் சுளித்தான்.

இரண்டு ஆண்டில் பேட்டரி தளர்ந்தது. 170 வெள்ளிக்குப் புதியது வாங்கி, மருமகளே திருப்புளியை எடுத்து மாற்றினாள். இப்போது மூன்று ஆண்டு தாண்டிவிட்டது. கணக்குப் போடுங்கள்: 950-உம் 170-உம் சேர்த்து 1,120 வெள்ளி. 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 31 வெள்ளி. முதலில் வாங்கிய 1,099 வெள்ளிக் கணினி 14 மாதம்தான் உழைத்தது; மாதத்துக்கு 78 வெள்ளிக்கு மேல். எது மலிவு?

இதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய பொருளில் மறைந்த குறை இருக்கலாம். உத்தரவாதம் குறைவு. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய அலுவலகக் கணினி கைக்கு வந்துவிடலாம். உண்மைதான். அதனால்தான் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லா விசையையும் தட்டுங்கள். கேமரா, ஒலிவாங்கி, வைஃபை மூன்றையும் சோதியுங்கள். விண்டோசில் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு. கணினி ஆசிரியரிடம் கேட்டால் சொல்லித் தருவார். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் தெரியும். 50 வாட்-மணி இருந்தது 38 ஆகியிருந்தால், 76 விழுக்காடு மிச்சம் என்று பொருள். அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லலாம். சோதிக்க விடாத கடையாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கையில் பணம் இருந்தால் புதியது வாங்குவதில் தவறில்லை. அந்த ஐந்து கேள்விகளில் தேறுகிற புதிய கணினியாக இருக்கட்டும், அவ்வளவுதான். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்துக்கு மட்டுமின்றி, பழுதுபார்ப்பு, உதிரி பாகம் பற்றியும் பேசுகிறது. கடையோடு பேசித் தீராத சிக்கலை ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு செல்லலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. இதை உங்கள் பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

விளையாட்டுக்கான கேமிங் மடிக்கணினி கேட்டு அடம்பிடிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். அதன் வேகம் உண்மைதான். ஆனால், அந்த வேகத்துக்கு மின்சாரமும் வெப்பமும் விலை. அதிலுள்ள பேட்டரி பள்ளி நேரம் முழுதும் தாங்காது. குடும்பக் கணினி அம்மா மின்கட்டணம் செலுத்தவும் தம்பி கணிதப் பயிற்சி செய்யவும் வேண்டும். உங்கள் விளையாட்டுக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பது நியாயமா?

வாங்காமலே இருக்க முடியுமா?

ஐந்து கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைச் சரிசெய்ய முடியாதா? 'ஸ்லோ' என்று மூலையில் போட்டிருக்கும் கணினியில் சுழலும் வன்தட்டு இருக்கலாம். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் பல கணினிகள் மறுபடி உயிர் பெறும். காற்றாடியில் அடைத்த தூசியைத் துடைத்தாலே சூடு குறைந்து வேகம் கூடுவதும் உண்டு. இதைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடாதீர்கள், குத்தாதீர்கள்; பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இதில் பணம் மட்டும் மிச்சமாகவில்லை. 2022-இல் உலகம் முழுதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடுதான். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அதை நாம் முதன்முதலில் திறப்பதற்கு முன்பே, தயாரிப்பின்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே, இருப்பதை இரண்டு ஆண்டு கூடுதலாக ஓட்டுவது நாம் செய்யக்கூடிய எளிய சுற்றுச்சூழல் பணி.

மாணவர்களே, இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்லாமல் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? பணம் கொடுப்பவர் உங்கள் அம்மாவோ அப்பாவோதான். பல வீடுகளில் அது ஓவர்டைம் செய்த பணம். ஆனால், 'ராம்', 'எஸ்எஸ்டி', 'எட்டாம் தலைமுறை' என்றெல்லாம் ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர் அந்த வீட்டில் பெரும்பாலும் நீங்கள்தான். விற்பனையாளர் பேசுவதைக் கேட்டு அம்மா தலையாட்டும்போது, பக்கத்தில் நின்று அந்த ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான்.

என் மருமகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். அந்தக் கறுப்பு மடிக்கணினி இப்போது தம்பியிடம் இருக்கிறது. முகத்தைச் சுளித்த அதே பையன், போன மாதம் அதற்கு இன்னொரு எட்டு ஜிகாபைட் ராம் வாங்கித் தானே மாட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். "மாமா, இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்று கீழே எழுதியிருந்தான்.