எங்கே என்று சொல்லியாயிற்று. எத்தனை வேளை என்று யார் சொல்வது?

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையை இதற்குள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆகஸ்ட் 11 ஆணையைத் திருத்திய மூன்று நீதிபதிகள் அமர்வு, கருத்தடையும் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டதும், சந்தேகத்துக்குரியதும், மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. தெருவில் சோறு வைப்பதைத் தடுத்து, ஒவ்வொரு நகராட்சி வார்டிலும் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கச் சொன்னது. நவம்பர் 7 ஆணை அடுத்த படி: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது. இந்த இதழின் நிலைப்பாடு என்ன என்று பலரும் கேட்டுவிட்டீர்கள்.

உணவிடும் இடம் வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாசலுக்கு வாசல் இலையை விரித்துவிட்டுப் போகிறவர்களால் நாய்க்கும் நன்மை இல்லை, தெருவுக்கும் நன்மை இல்லை. ஆனால் இடத்தைக் குறித்தவர்கள் வேளையைக் குறிக்காமல் விட்டுவிட்டார்கள். 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆம் விதி நேரத்தைப் பற்றிப் பேசுகிறதே என்பீர்கள். பேசுகிறது. குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்த்து வைக்கச் சொல்கிறது. மனிதர் நடமாட்டத்தைக் கணக்கில் எடுத்தது சரிதான். நாயின் இரைப்பை எத்தனை மணி நேரத்தில் காலியாகும் என்ற கேள்வி மட்டும் விதியில் எங்கும் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கால்நடை மருத்துவர்களான நாம். நாமும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிடுவோம். நோய் இல்லாத, வளர்ந்த நாய்க்கு நாளைக்கு இரண்டு வேளை. இடையில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். வீட்டு நாயானாலும் தெரு நாயானாலும் இதுதான்.

ஒரு வேளைதான் நல்லது என்று வாதாடுகிறவர்கள் இப்போது நம் சிகிச்சை அறைக்கே வந்துவிட்டார்கள். கையில் செல்பேசி, அதில் 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. நாய்களின் முதுமையைப் பற்றிய அந்தப் பெருந்திட்டத்தில் 24,000-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரம் உரிமையாளர்களிடம் கேட்டுத் திரட்டப்பட்டது. நாளைக்கு ஒருமுறை தின்னும் நாய்களுக்கு அறிவுத் தளர்ச்சி குறைவு. பல், சிறுநீரகம், கல்லீரல், செரிமானக் கோளாறுகளும் குறைவாகவே தெரிந்தன. ஆனால் அது ஒரே சமயத்தில் எடுத்த படம். எது காரணம், எது விளைவு என்று அது சொல்லாது. வயிற்றுக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் வந்த நாய்க்குப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதே நாம்தானே? நோயால் வேளை கூடியதா, வேளை கூடியதால் நோய் வந்ததா? ஆய்வாளர்களே இதை வைத்து யாரும் வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். செல்பேசியில் சுற்றி வரும் செய்தியில் அந்த வரியைக் காணோம்.

நம் பக்கத்து நாய்களைப் பொறுத்தவரை எதிர்ப்பக்கச் சான்றுதான் கனமானது. கன்னியும் சிப்பிப்பாறையும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறுமாக வளர்ந்த வேட்டை நாய்கள். நாள் முழுதும் பட்டினி போட்டு, இரவில் பானையில் மிஞ்சியதையெல்லாம் ஒரே தட்டில் கொட்டுவது விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் இன்னும் பெருமையாகச் சொல்லப்படுகிற வழக்கம். வேட்டை நாய் வயிறு காய்ந்தால்தான் ஓடும் என்பார்கள். பெரிய அளவை ஒரே தடவையில் அள்ளி விழுங்கும் ஆழ்மார்பு நாய்க்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் அபாயம் கூடுதல் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளர்ப்பவருக்குச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வயிறு மத்தளமாகி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டு நிற்கிற நாயைப் பார்த்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வேளை இரண்டானால் அளவும் இரட்டிப்பாக வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. லாப்ரடார் நாய்கள் 48-ஐ வைத்து வாழ்நாள் முழுதும் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு மறக்கக் கூடாதது: கால்பங்கு குறைவாகத் தின்றவை 13 வயது வரையும், மற்றவை 11.2 வயது வரையும் இருந்தன என்பது அதன் நடுமதிப்புக் கணக்கு. 15 கிலோ நாய்க்கு ஓய்வு நிலை ஆற்றல் ஏறக்குறைய 530 கிலோ கலோரி; 1.6-ஆல் பெருக்கினால் 850. நம் ஊர்க் கணக்கில் அது 400 கிராம் வடித்த சோறு, 250 கிராம் வேகவைத்த மீன், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான எண்ணெய். நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். அதையே பாதிப் பாதியாக இரண்டு தட்டு. கருவாடு வேண்டாம், உப்பு தாங்காது. பச்சை மீனும் வேண்டாம். சில மீன்களில் உள்ள தயாமினேஸ் தயாமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் தட்டு வைக்க ஓர் ஆள் இருக்கும் நாய்க்கு. நகரத்துத் தெரு நாய்க்கும் தட்டு வைக்க ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துத்தான் ஆணை எழுதப்பட்டிருக்கிறது. இந்த உரையை எழுதும் மேசை வேம்பார் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. இங்கே நாய்க்குச் சோறு வைப்பது எந்த விலங்கு ஆர்வலரும் இல்லை, மீன் இறங்குகிற கரை. வள்ளம் கரையேறும் நேரம்தான் நாய்க்கு வேளை. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே வலையை உதறுவார்கள். நசுங்கிய காரல், நண்டுக் கால், விலை போகாத பொடி, எல்லாம் மணலில் விழும். பாடு நன்றாக இருந்தால் விடிகாலையிலிருந்து உச்சி வரை நாய் தின்றுகொண்டே இருக்கும். பிறகு வள்ளத்து நிழலில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிடும். சனி இரவு யாரும் தொழிலுக்குப் போவதில்லை, ஞாயிறு பூசை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கரையில் ஒன்றும் இல்லை. திங்கள் விடியலில் போய்ப் பாருங்கள்: மணலில் அங்கங்கே மஞ்சள் நுரை வாந்தி. வள்ளம் வந்ததும் முதல் கூடையைச் சுற்றி நாய்ச் சண்டை. கூடையைத் தூக்க வருகிறவர்கள் பெண்களும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளும். தூத்துக்குடியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் துறைமுகத்து நாய்களின் கதி இதைவிட மோசம்.

ஒரே நாய் ஒரு வாரத்துக்குள் ஒரு நாள் ஐந்து வேளையும் தின்கிறது, ஒரு நாள் வேளையே காண்பதில்லை. இது வெறும் ஊட்டச்சத்துப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் இத்தனை ஆண்டுக் கவலையே இங்குதான் இருக்கிறது.

வலையில் பேத்தை மீன் வரும். கரைக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள், உதறி மணலில் வீசுவார்கள். வயிறு நிறைந்த நாய் முகர்ந்துவிட்டு விலகும். பசித்த நாய் விலகாது. பேத்தையில் உள்ள டெட்ரோடாக்சினுக்கு மாற்று மருந்து கிடையாது. பின்னங்கால் தடுமாறி, தசை ஓய்ந்து, கடைசியில் மூச்சு நிற்கும். பச்சைப் பொடிமீனே கதியென்று வாழும் நாய்க்குத் தயாமின் குறைந்தாலும் நடை தள்ளாடும், கழுத்து வளையும், வலிப்பு வரும். மூன்றாவது, ஊமை வெறி. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, கால் இழுத்துக்கொண்டு வரும் நாய் இந்த மூன்றில் எது என்று கரையில் நின்று எப்படிச் சொல்வது? கடைசியாக எப்போது தின்றது, என்ன தின்றது என்று சொல்ல ஒருவர் இருந்தால் பாதி விடை கிடைக்கும். ஒருவரும் இல்லை. ஊர் அதை வெறிநாய் என்று முடிவுகட்டி அடித்துப் புதைத்துவிடும். மூளை மாதிரி எடுத்து அனுப்பும் வழியும் அதோடு அடைபடும். உண்மையில் வெறி என்றால், தொட்டவர்கள் பட்டியல் கிடைக்காது. வெறி இல்லை என்றால், சோறு வைத்திருந்தால் பிழைத்திருக்கும் நாயை அடித்துக் கொன்றிருக்கிறோம்.

இரண்டு வேளை, ஒரே மணி, ஒரே இடம் என்று வைத்துப் பாருங்கள். முதலில் தலை எண்ணலாம். இரண்டு வேளை தொடர்ந்து வராத நாயைத் தேடிப் போகலாம். வெறிநோயில் தீனி மறுப்பது முந்தி வரும் அறிகுறிகளில் ஒன்று. வலை வீசாமல் தட்டருகிலேயே தடுப்பூசி போடலாம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 70 சதவீதத்தை எட்டக் கடற்கரையில் எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. சோறு வைப்பவர் தடுப்பூசிக்கும் நாய் பிடிப்பதற்கும் உதவலாம் என்று அதே 20-ஆம் விதி சொல்கிறது. எத்தனை பேர் அந்த வரியைப் பயன்படுத்தினோம்? கருத்தடைக்குப் பிடிப்பவர்களுக்கும் இதில் லாபம். மாலைத் தட்டுக்குப் பின் ஒன்றும் தின்னாத நாயை விடியலில் பிடித்தால், மயக்க மருந்துக்கு முன் வயிறு காலியா என்ற குழப்பம் இல்லை. மீன் குடலால் வயிற்றை நிரப்பிக்கொண்ட நாயை அவசரத்தில் மேசையில் ஏற்றி, வாந்தி நுரையீரலுக்குள் போன கதை நம்மில் பலருக்குத் தெரியும்.

இதற்குத் தடை பணம் என்று சொன்னால் நம்ப மாட்டேன். மீன் இறங்குதளம் மீன்வளத் துறைக்கு. அதில் விழும் கழிவு ஊராட்சிக்கு. கழிவைத் தின்னும் நாய், நோய் கண்டால் மட்டும், கால்நடைத் துறைக்கு. அந்த நாய் கடித்தவர் பொது சுகாதாரத் துறைக்கு. தலைமைச் செயலகத்தில் கால்நடை பராமரிப்பும் மீன்வளமும் ஒரே துறை. பெயர்ப்பலகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கரைக்கு வந்ததும் அவை ஒன்றையொன்று அறியாதவை ஆகிவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், ஏலக்கூடத்தின் ஓரம் மூடி போட்ட கழிவுத் தொட்டியும் ஒரு சோற்றுத் திண்ணையும் கேட்டு நாங்கள் சிலர் மனு கொடுத்தோம். நாய்க்குச் செலவழிக்கக் கணக்குத் தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. கடிபட்டவர்களுக்கு ஊசி வாங்கத் தலைப்பு இருக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் நாலே முக்கால் லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் ஊசி கொடுக்க முடிகிற அரசுக்கு, கரையில் இரண்டு வேளைச் சோற்றுக்கு ஒரு தலைப்புத் திறக்க முடியாதா?

நீதிமன்றத்தின் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆணை சொல்வது நகராட்சி வார்டு. வேம்பார் ஊராட்சி. வைப்பாரும் தருவைகுளமும் மணப்பாடும் ஊராட்சிகள்தான். முத்துக்குளித்துறைக் கரையில் மீன் இறங்கும் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு நகராட்சி வார்டு என்ற ஒன்றே கிடையாது. இந்த வழக்கில் நீதிமன்றத்தை நாடிய தனி நபர் 25,000 ரூபாயும் தொண்டு நிறுவனம் 2 லட்ச ரூபாயும் கட்ட வேண்டும் என்றும் அந்த ஆணை சொன்னது. மீன்பிடி கிராமத்திலிருந்து எந்த மகளிர் குழு அந்தத் தொகையைக் கட்டி, எங்கள் கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும்? டெல்லியை மனதில் வைத்துத் தொடங்கிய வழக்கு நாடு முழுவதற்கும் விரிந்தபோது, கடற்கரை கிராமங்களைப் பற்றி எடுத்துச் சொல்ல அங்கே கால்நடை மருத்துவர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். நம்முடைய சங்கங்கள் எதுவும் அதற்கு முயலவில்லை என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

ஆகவே வேலை நம் மேசையிலிருந்தே தொடங்கட்டும். வளர்ந்த நாய் எதைக் கொண்டுவந்தாலும் சீட்டின் கடைசியில் உணவு வேளையை மணியோடு எழுதுங்கள்: காலை 6, மாலை 6. ‘இரண்டு வேளை’ என்று மட்டும் எழுதினால் மதியமும் இரவும் ஆகிவிடும். கடற்கரையில் வேலை பார்ப்பவர்கள் நோய்க் குறிப்பில் கடைசியாகத் தின்றது என்ன, எப்போது, அன்று என்ன கிழமை என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளாடும் நாய் ஒவ்வொன்றுக்கும் தயாமின் ஊசி போட்டுத் தனிமையில் வைத்துப் பாருங்கள், உங்கள் கைக்கு உறையும் உங்களுக்கு முன்தடுப்பூசியும் இருந்தால் மட்டும். உணவிடும் இடம் அமைக்க உங்களைக் கேட்டால், வள்ளம் வருவதற்கு ஒரு மணி நேரம் முந்திய நேரத்தைச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த நாய் ஏலத்துக்குள் வராது. அரை மணியில் தட்டை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் நாள் முழுதும். இந்தக் கரையில் நாய்க்கு நல்ல தண்ணீர் கிடைப்பது சோறு கிடைப்பதைவிட அரிது.

தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்துக்கும் மீன்வள ஆணையருக்கும் இந்த இதழின் சார்பில் ஒரே மனுவை அனுப்புகிறோம். அதில் மூன்று கேட்கிறோம். உணவிடும் இடத்துக்கு இரண்டு வேளையை மணியோடு குறித்து, அதில் அந்தப் பகுதிக் கால்நடை மருத்துவர் கையொப்பமிட வேண்டும். நகராட்சி வார்டுக்குச் சொன்னது மீன் இறங்கும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் பொருந்தும் என்று அரசு சுற்றறிக்கை விட வேண்டும். இறங்குதளம் கட்டும் மதிப்பீட்டிலேயே மூடிய கழிவுத் தொட்டியும் சோற்றுத் திண்ணையும் இடம்பெற வேண்டும். கையொப்பமிட விரும்புவோர் மருத்துவப் பதிவு எண்ணோடு இம்மாத இறுதிக்குள் எழுதுங்கள். பேத்தை நச்சு என்று சந்தேகித்த நோய்க் குறிப்பு எதுவும் உங்களிடம் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.