சஸ்பென்ஸ் கணக்கும் சிவப்புப் பெருக்கல் குறியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வங்கியைப் பற்றிய பதிவு அல்ல. ஆனால் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் எதை எழுதினாலும் கடைசியில் லெட்ஜரில்தான் வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதவி உயர்வு என்ற பெயரில் ஜபல்பூருக்குத் தூக்கிப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. குடும்பம் திருச்சியில். ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டு முடித்தபின் என் பொழுதுபோக்கு, இல்லாத நாடுகளுக்கு மேப் போடுவது. சிரிக்காதீர்கள். கதைகளில் வரும் கற்பனை நாடுகளுக்கு மலை, ஆறு, ஊர் எல்லாம் வைத்து மேப் வரைவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. நான் வைத்திருப்பது கேம்பெயின் கார்ட்டோகிராஃபர். இங்கிலாந்துக்காரர்களின் சரக்கு, முதல் பதிப்பு வந்தது 1993-ல். வீட்டு பிளான் போடும் கேட் மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் பழகக் கொஞ்சம் முரடு. பழகிவிட்டால் விட மனசு வராது.

இதில் மரம், மலை, கோட்டை எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு சிம்பல். சிம்பல்களை அடுக்கி வைத்த கோப்புக்குக் கேட்டலாக் என்று பெயர். கேட்டலாக்கிலிருந்து ஒரு மரத்தை எடுத்து மேப்பில் வைத்தால், அந்த மரத்தின் விவரம் மேப் கோப்புக்குள் ஒரு முறை பதிவாகும். பிறகு ஆயிரம் இடத்தில் வைத்தாலும் அந்த ஒரே பதிவைத்தான் சுட்டும். சிக்கனமான ஏற்பாடு.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கோடுகளால் வரைந்த சிம்பல் என்றால் மேப்புக்குள்ளேயே முழுசாக உட்கார்ந்துவிடும். பிஎன்ஜி படமாக உள்ள சிம்பல் அப்படி இல்லை. "படம் இன்ன டிரைவில், இன்ன ஃபோல்டரில் இருக்கிறது" என்ற முகவரி மட்டும்தான் மேப்புக்குள் போகும். முகவரியில் படம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

இப்போது என் கதை. 2020 ஊரடங்கு சமயம் நான் திருச்சிக் கிளையில் இருந்தேன். எங்களுக்கு லீவு கிடையாது, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எட்டாம் வகுப்பு. அவள் ஒரு கதை எழுத ஆரம்பித்தாள், ஏழுகரை என்று ஒரு நாடு. "அப்பா, மேப் போட்டுக் குடுப்பா" என்றாள். போட்டேன். பார்த்துவிட்டு, "இதுல எங்கப்பா கோபுரம்? பனைமரம்?" என்றாள். என் தொகுப்பில் இருந்ததெல்லாம் கல்கோட்டையும் காற்றாடி ஆலையும் ஊசியிலை மரமும். "நானே வரையறேன்" என்று நோட்டில் கறுப்பு மசியால் வரைய ஆரம்பித்தாள். கோபுரம், படித்துறை, மதகு, பனை, ஐயனார் குதிரை என்று மொத்தம் 43. நான் ஸ்கேன் செய்து, பின்னணியை அழித்து, சிம்பலாக மாற்றி வைத்தேன். ஏழுகரை அழகாக வந்தது.

ஜபல்பூர் வந்ததும் பழைய லேப்டாப் படுத்துவிட்டது. புதிது வாங்கி, மென்பொருளை நிறுவி, காப்பு எடுத்த ஹார்ட் டிஸ்கிலிருந்து மேப்பைத் திறந்தேன். மலை இருந்தது, ஆறு இருந்தது, ஊசியிலைக் காடும் இருந்தது. பாப்பா வரைந்த இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி.

நடந்தது என்ன தெரியுமா? இணையத்தில் இலவசமாகவும் காசு கொடுத்தும் இறக்கிய சிம்பல்கள் என்னிடம் ஆறாயிரத்துக்கு மேல். அத்தனையையும் பொறுப்பாகக் காப்பு எடுத்திருந்தேன். நாளைக்கே திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய சரக்கு அது. உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காத அந்த 43 மட்டும் டி டிரைவில் "இதர" என்ற ஃபோல்டரில் இருந்தது. அதைக் காப்பு எடுக்கவில்லை. ஸ்கேன் செய்த நோட்டும் வீடு மாற்றிய களேபரத்தில் போய்விட்டது. மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை. முகவரியைச் சரியாகத்தான் எழுதி வைத்திருந்தது, வீட்டை இடித்தது நான்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாக அதில் போடுவோம். தணிக்கைக்கு வருபவர் அதைப் பார்க்காமல் போகமாட்டார். "இது யாருடையது, ஏன் இன்னும் இங்கே இருக்கிறது?" என்று கேட்பார். இருபது வருஷமாக அந்தக் கேள்விக்குப் பயந்து வேலை பார்த்தவன், வீட்டில் "இதர" என்று ஒரு சஸ்பென்ஸ் கணக்கைத் திறந்து, மகளின் கையெழுத்தை அதில் போட்டு மறந்திருக்கிறேன்.

இதில் என் கருத்து ஒன்றே ஒன்றுதான். சிம்பல் நூலகம் மென்பொருளின் சொத்து அல்ல, கம்ப்யூட்டரின் சொத்தும் அல்ல. அது மேப்பின் ஒரு பகுதி. மேப்பை எங்கே கொண்டுபோனாலும் அதுவும் கூடவே போக வேண்டும். கிளை மாறும்போது சார்ஜ் ஒப்படைப்போமே, சாவி, பதிவேடு என்று எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு? அந்த மாதிரி ஒப்படைக்க முடியாத நூலகம், நூலகமே இல்லை.

புனேயில் இருக்கும் பழைய சக ஊழியர் ஒருவர் (அவருக்கும் இதே கிறுக்கு உண்டு) ஒத்துக்கொள்ளவில்லை. "இப்பல்லாம் டெராபைட் டிஸ்க் என்ன விலை சார்? எல்லாத்தையும் மொத்தமா காப்பி பண்ணிட்டா முடிஞ்சது, எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?" என்கிறார். பாதி நியாயம். ஆனால் நான் தோற்றது இடம் இல்லாமல் அல்ல, என்னிடம் எது இருக்கிறது என்று தெரியாமல். ஆறாயிரம் இருந்தபோது 43 கண்ணுக்குப் படவே இல்லை.

சொல்லப்போனால் ஒரு மேப்புக்கு ஆறாயிரம் எதற்கு? நம்ம சர்வே ஆஃப் இந்தியா 1767-லிருந்து இருக்கிறது. அவர்கள் டோபோ ஷீட்டின் ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தைப் பாருங்கள். கோயில், மசூதி, கிணறு, தபால் நிலையம் எல்லாம் அந்த ஓரத்திலேயே அடங்கிவிடுகின்றன. பனைக்குத் தனிக் குறி இருக்கிறது! இத்தனை பெரிய தேசத்துக்குப் போதுகிற சிக்கனம் என் ஏழுகரைக்குப் போதாதா?

ஆகவே இப்போது நான் செய்வது இது. என் சொந்த சிம்பல்கள் எல்லாம் மென்பொருளின் டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே. அங்கே இருந்தால் முகவரி டி டிரைவ் என்று தொடங்காது, @ குறியில் தொடங்கும். மென்பொருளை எந்த மெஷினில் நிறுவினாலும், அந்த ஃபோல்டரைக் கொண்டுபோய் வைத்தால் படம் கிடைக்கும். பெயர் "கோபுரம் 01, கோபுரம் 02" என்று வரிசையாக. ஒரே வகையை ஒரு தொகுப்பாக்கினால், வைக்கும்போது மென்பொருளே மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும், காடு போலீஸ் அணிவகுப்பு மாதிரி தெரியாது. கூடவே ஒரு எக்செல் பதிவேடு: யார் வரைந்தது, எப்போது, என்ன நிபந்தனை. இறக்கிய சிம்பல்களில் சிலவற்றைச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று கொடுத்திருப்பார்கள். நாளைக்குப் பாப்பாவின் கதை புத்தகமாக வந்தால் அந்த மரத்தை அச்சிட முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சிம்பல்களை அழித்துவிட்டேன். மிச்சம் 212. எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பழைய மெயிலைக் குடைந்ததில் 43-ல் 11 கிடைத்தது. வாட்ஸப்பில் அனுப்பிய முழு மேப் படம் ஒன்று இருக்கிறது, அதில் கோபுரம் எள்ளளவு. பாப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. இப்போது காலேஜ். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "திரும்ப வரைஞ்சு தரேன்பா. ஆனா அதே மாதிரி வராது" என்றாள்.

போன வாரம் மூன்று கோபுரம் அனுப்பினாள். கோடெல்லாம் நேராக, நிழல் எல்லாம் போட்டு, நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. அந்தப் பழைய கோணல் கோபுரம் மாதிரி இல்லை. பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். வரைந்தவர்: மகள். நிபந்தனை: கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும்.

பி.கு.: உங்கள் கம்ப்யூட்டரில் "இதர" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள்.