மாணவர் எழுப்பும் மனை

மட்டக்களப்பு வாவியின் கரையில் அமிர்தகழி என்றோர் ஊர் உண்டு. ஆடி அமாவாசையன்று அங்குள்ள மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளத்தில் நீராட நாற்றிசையினின்றும் மக்கள் திரள்வர். வந்தவர்க்குத் தாகந் தீர்க்க இளைஞர் ஓடித் திரிவதை அன்று காணலாம். அத்தொண்டு ஒரு பகலோடு நிறைவுறுவது. அதே வாவிக்கரையில் மார்கழி மாரி பொழியும்போது, ஒழுகும் கூரையின் கீழே பாயைச் சுருட்டிக் கையிற் பிடித்தபடி விடியுமட்டும் விழித்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வேண்டுவது ஒரு தலைமுறை நிற்கும் வீடு. கல்லூரி மாணவர் அத்தொண்டுக்கும் முன்வருதல் கூடுமா, முன்வரின் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இக்கேள்வி இப்போது எழுவதற்குக் காரணமுண்டு. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கி நாட்டினூடே சென்ற டித்வாப் புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஆயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. இத்தகைய வேளைகளிற் சேறு அள்ளவும் உணவுப் பொதி சுமக்கவும் இளைஞர் கூடுவர். வெள்ளம் வடிந்ததும் அவர்கள் தத்தம் வகுப்புகளுக்குத் திரும்பிவிடுவர். வீடு கட்டும் வேலையோ அப்பொழுதுதான் தொடங்குகின்றது.

மட்டக்களப்பிலே வீட்டுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. இங்கே தாய்வழி மரபு ஆழ வேரூன்றியது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளிடம் வீட்டை ஒப்புவித்துவிட்டு, பெற்றோர் இளையவர்களோடு அதே வளவில் வேறொரு குடில் அமைத்து ஒதுங்குவதும் வழக்கம். ஆதலின், தந்தை தம் இளமையெல்லாம் உழைத்து எழுப்பும் சுவர் மகளின் மணவாழ்வுக்கு இடும் அத்திவாரமாகும். அச்சுவர் வீழ்ந்தால் அவளது திருமணமும் தள்ளிப்போகும். வீடு கட்டித் தர வருவோர் முதலில் அறியவேண்டியது இது.

அப்படி வந்தோர் எல்லாரும் இதனை அறிந்திருந்தனரா? 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளி இப்பகுதியின் கூரைகளை வாரிச் சென்றது. உள்நாட்டுப் போர் ஊர்களையே பெயர்த்தது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடையே மணல்திட்டாய்க் கிடக்கும் நாவலடியைத் துடைத்தெடுத்தது. வடகிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது. கரையோரக் குடும்பங்கள் பல, நகரின் வடபாலுள்ள திராய்மடுவிற் குடியேற்றப்பட்டன. உலகெங்குமிருந்து பணம் வந்தது, நிறுவனங்கள் வந்தன, வீடுகளும் எழுந்தன. ஆயினும் கடலை நம்பி வாழ்ந்தவர்க்குத் தோணி ஓரிடத்திலும் அடுப்பு வேறிடத்திலும் ஆயின.

மற்றொரு பிழை தாளில் நிகழ்ந்தது. 'குடும்பத் தலைவர்' என்றால் ஆண் என்றே கொள்ளும் அலுவலக வழக்கத்தால், தாய் சீதனமாய்ப் பெற்ற வீட்டுக்கு ஈடாக வந்த வீடு தந்தையின் பெயரில் எழுதப்படலாயிற்று. பெண்கள் அமைப்புகள் இதனை மறுத்துக் கூட்டுரிமை கேட்டன. அரச காணியின் வாரிசுரிமையில் ஆணுக்கு முதலிடம் அளித்துவந்த 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இலேதான் திருத்தம் பெற்றது. கல் அடுக்கியவர் எவரும் தீங்கு நினைத்திலர். நல்லெண்ணத்தோடு கட்டப்பட்ட வீட்டிலேயே, பல தலைமுறையாகப் பெண்ணிடமிருந்த உரிமை ஒரு கையொப்பத்தால் நழுவிற்று.

போர் ஓய்ந்த பின் இந்திய அரசின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற வீடமைப்புத் திட்டம் வேறு வழியைக் கைக்கொண்டது. 2012 இல் தொடங்கிய அதன் பெரும்பகுதியில், வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் குடும்பத்தின் கையிலேயே கொடுக்கப்பட்டது, உரியவரே கட்டிக்கொண்டனர். முறை நன்று. வாசல் எப்பக்கம் இருக்கவேண்டும், அடுக்களைப் புகை எப்பக்கம் போகவேண்டும் என்பதை அங்கு வாழப்போகிறவரே அறிவர். ஆனால் வேலை ஒரு படி முடிந்தாலன்றி அடுத்த தவணை வாராது. உழைக்கத்தக்க ஆண்மக்கள் உள்ள குடும்பம் கூலியை மிச்சம் பிடித்து அதனையும் கல்லாக்கும். கணவனைப் போரிற் பறிகொடுத்தவளும், பேரப்பிள்ளையோடு தனித்திருக்கும் முதியவளும் அத்திவாரம் வெட்டவும் கல் சுமக்கவும் கூலிக்கு ஆள் பிடிக்கவேண்டும். சுவர் எழுமுன்னே பணம் கரைந்துவிடும். இக்குடும்பங்களுக்குப் பணத்தோடு ஆட்பலமும் வேண்டும். மாணவர்க்குரிய இடம் இதுவே என்பது நம் துணிபு.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, மாணவரையும் ஆசிரியரையும் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொளுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. மாணவர் அம்மக்களோடு சேர்ந்து கிணறு தோண்டினர், மலகூடம் அமைத்தனர், தோட்டம் இட்டனர். சர்வோதய இயக்கம் அம்முகாமிலே வேர்கொண்டது; சிரமதானம் என்னும் சொல்லும் நாடெங்கும் பரவிற்று. தோண்டிய கிணற்றினும் பெரிது, தீண்டாதார் என விலக்கப்பட்டவரோடு நகரத்துப் பிள்ளைகள் தோளோடு தோள் நின்றமை.

சிலி நாட்டில் 1997 இல், இயேசு சபைக் குரு பெலிப்பே பெரியோசும் இளைஞர் சிலரும் 'ஒரு கூரை' என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். பல்கலைக்கழக மாணவர், உரிய குடும்பத்தோடு சேர்ந்து, 18 சதுர மீற்றர் மரவீடு ஒன்றை இரண்டே நாளில் நிறுத்துவர். வேகம் வியக்கத்தக்கது. எனினும் தற்காலிகம் என்று எழுப்பப்படுவது நெடுங்கால வீடாகிவிடும் அச்சம் உண்டு. பின்னர் அவ்வியக்கமே நிலையான வீடுகளுக்கும் உழைக்கலாயிற்று.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஓபர்ன் பல்கலைக்கழகம் 1993 முதல் நடத்திவரும் கிராமக் கட்டடக்கலைக் கூடம் பொறுமையின் வழியிற் செல்வது. மாணவர் வறிய கிராமப்புறத்திலே தங்கி, வீட்டுக்குரியவரிடம் கேட்டறிந்து, வரைந்து, தாமே கட்டுகின்றனர். கல்வியும் தொண்டும் அங்கு இரு வேலையல்ல.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? முதலாவது, அன்பு மாத்திரம் சுவரைத் தாங்காது. வாவிக்கரையில் வெள்ளக் குறி பார்த்துத் தளத்தை உயர்த்த வேண்டும். உப்புப் போகாத கடல்மணலைக் கொங்கிறீற்றிற் கலந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். வார்த்த கொங்கிறீற்றை ஏழு நாளாயினும் ஈரம் உலராது காக்க வேண்டும். சூறாவளி வரும் நிலத்தில் வளையையும் கைமரத்தையும் சுவரோடு இறுகப் பிணிக்க வேண்டும். இவையெல்லாம் ஊர் மேசனும் தச்சனும் கற்பிக்கவேண்டிய பாடங்கள். அவர்களைத் தலைவராக வைத்து, அவர்களின் கூலியைக் குறைக்காமல், மண் வெட்டலும் கல் சுமத்தலும் சாந்து குழைத்தலும் மாணவர் ஏற்பதே முறை. ஏழைக்கு உதவப்போய் மற்றோர் ஏழையின் நாட்கூலியைப் பறித்தல் அறமாகாது.

இரண்டாவது, மண்வெட்டியை எடுக்குமுன் உறுதியைப் பார்க்க வேண்டும். காணி யார் பெயரில் உள்ளது, வீடு யார் பெயரில் எழுதப்படும் என்பவற்றை விசாரித்துத் தெளிய வேண்டும். எழுத்தறிவில்லாத முதியவளோடு பிரதேச செயலகத்துக்கு இரண்டு முறை நடப்பதும் கல் சுமப்பதற்கு ஒப்பான தொண்டே. சட்டமும் கணக்கும் பயிலும் மாணவர்க்கு இங்கு வேலை உண்டு.

மூன்றாவது, தேர்வும் விடுமுறையும் மாணவரின் காலத்தைப் பங்கிடுகின்றன. ஒரு குழு சென்றால் மற்றொரு குழு வருமாறு கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். பாதியில் நின்ற சுவர், கட்டத் தொடங்காத வெறுநிலத்தினும் கொடிது, நம்பிக்கையைக் கெடுக்கும்.

படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். தன் நாட்டின் மண்ணையும் மழையையும் சட்டத்தையும் உறவுமுறையையும் ஓர் அத்திவாரக் குழியருகே நின்று ஒருங்கே கற்பவன் படிப்பை இழந்தவனாகான்.

திறப்பைக் கையளித்துப் படம் பிடித்துக்கொள்ளும் நாளில் வேலை முடிந்துவிடுவதில்லை. அடுத்த மார்கழியில், மழை ஓங்கிப் பெய்யும் ஓர் இரவு கழிந்த காலையில், அவ்வீட்டு வாசலுக்குச் சென்று, "கூரை ஒழுகியதா அம்மா?" என்று கேட்டுவரும் மாணவனே அவ்வீட்டைக் கட்டியவன்.